போன வருஷ ஃபோல்டர்

துறைமுகத்துப் பக்கம் க்ளியரிங் ஆபீஸ்ல டாக்குமெண்ட் பாக்குற வேலைன்னா என்னன்னு ஒரே வரியில சொல்லுதேன்: சரக்கை ஒரு நாளும் கண்ணால பாத்திருக்க மாட்டோம், ஆனா சரக்கு கப்பல் ஏறலன்னா மொதத் திட்டு நமக்குத்தான். இதைப் படிக்கிற நீங்களும் எங்கயோ ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னால குப்பை கொட்டுற ஆளா இருந்தா, ஒரு மடக்கு தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க. நான் கோவத்துலதான் எழுதுதேன்.

தூத்துக்குடியில ஒன்பது வருஷமா இந்த வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால முதலாளி ஒரு புது ஏற்பாடு வாங்கிப் போட்டாரு. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ஜாப் நம்பர். மெயில் சப்ஜெக்ட்ல அந்த நம்பர் இருந்தா போதும், மெயிலும் கூட வந்த பேப்பரும் தானாவே அந்த நம்பர் ஃபோல்டருக்குள்ள போய் உக்காந்துக்கும். ஆபீஸ்ல எல்லாரும் பாக்கலாம். சரக்குக்காரங்களும் அவங்கவங்க ஃபோல்டரை வீட்ல இருந்தே போன்ல பாக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆளுகதான் சரியில்ல.

ராசியான மெயில்

எங்க மேனேஜர் சௌந்தர் சாருக்கு ஒரு பழக்கம். யாருக்கு மெயில் எழுதணும்னாலும் புதுசா எழுத மாட்டாரு. அந்தப் பார்ட்டிகிட்ட இருந்து எப்பவோ வந்த மெயிலைத் தேடிப் பிடிச்சு, ரிப்ளையை அமுக்கி, அதுலயே புது விஷயத்தை எழுதிருவாரு. சப்ஜெக்ட்டை மாத்தவே மாட்டாரு. அதுல பழைய ஜாப் நம்பர் இருக்குமா இல்லையா? இன்னைக்கு ஏத்துற உப்புக்கு உள்ள பேப்பர் ஆறு மாசத்துக்கு முன்னால போன உப்பு ஃபோல்டருக்குள்ள போய் விழும். நான் புது ஃபோல்டரைத் திறந்து பாத்தா காலியாக் கிடக்கும்.

ஒரு தடவை சொன்னேன், ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை, "சார், எட்டு எழுத்து அடிக்க ஒங்களுக்கு அப்படி என்ன கஷ்டம்?"னு சத்தமாவே கேட்டுட்டேன். மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிக்கிட்டே நிதானமாச் சொன்னாரு: "பழைய மெயில்ல பதில் போட்டாத்தான்ளா எனக்கு ராசி. புதுசா எழுதுன மெயில் ஒண்ணு கூட வெளங்குனதில்ல."

வணக்கம்

பால்பாண்டி அண்ணாச்சி எங்க ஆபீஸுக்காக ஹார்பருக்குள்ள அலையுதவரு. கஸ்டம்ஸ்ல சீல் வச்ச பேப்பரை பைக் சீட்டு மேல விரிச்சு, காத்துல பறக்காம இருக்க கட்டைவிரலை வச்சு அமுக்கி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புவாரு. அந்த விரல் சரியா எனக்கு வேண்டிய நம்பர் மேலதான் இருக்கும்.

வாட்ஸ்அப் வேண்டாம் அண்ணாச்சி, ஜாப் நம்பரை சப்ஜெக்ட்ல போட்டு மெயில் பண்ணுங்கன்னு கெஞ்சுனேன். சரின்னாரு. மறுநாள்ல இருந்து மெயில் வந்துது. எல்லா மெயிலுக்கும் ஒரே சப்ஜெக்ட்: வணக்கம். நம்பர் இல்லாத மெயில் எல்லாம் ஒரு மூலையில குவியும். ஒரு வாரம் மதியச் சோத்தை டேபிள்லயே வச்சுத் தின்னுக்கிட்டு, அத்தனை வணக்கத்தையும் ஒண்ணொண்ணாத் திறந்து பிரிச்சுப் போட்டேன். பல்லைக் கடிச்சிக்கிட்டு போன் பண்ணிக் கேட்டா, அண்ணாச்சிக்கு வருத்தம் வந்துட்டு. "எடுத்த எடுப்புல நம்பரைப் போட்டா போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து வந்த மாதிரி இருக்கும்லா மெர்லின்? வணக்கம்னு போட்டாத்தான் படிக்கிறவங்க மனசு குளிரும்."

செல்வி அக்கா பெட்டி

இது வரைக்கும் சிரிச்சிருந்தீங்கன்னா இனி சிரிக்க வேண்டாம்.

செல்வி அக்கா சாத்தான்குளம் பக்கம் மருந்துக்கு ஆகுற நிலாவாரை இலை வாங்கி, காய வச்சு, வெளிநாட்டுக்கு அனுப்புதவங்க. போன வருஷம் எங்க மூலமா ஸ்பெயினுக்குக் கொஞ்சம் இலை போச்சு. இந்த வருஷம் ஜெர்மனியில புதுசா ஒரு ஆளைப் பிடிச்சிருந்தாங்க. முதல் முழு கண்டெய்னர் பெட்டி. "சொன்ன கப்பல்ல போகலன்னா அடுத்த தடவை அந்த ஆளு என்னைத் திரும்பிப் பாக்க மாட்டான் மெர்லின், பாத்துக்க"ன்னு என் கையைப் பிடிச்சிச் சொல்லிட்டுப் போனாங்க. நானும் தலையை ஆட்டுனேன்.

வாங்குறவர் பேரும் விலாசமும் வியாழக்கிழமை ரெண்டு மணிக்குள்ள கப்பல் கம்பெனிக்குப் போயிரணும், தவறுனா பெட்டி ஏறாது. காலையில இருந்து புது ஃபோல்டரைப் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் வரல. பதினொரு மணிக்கு சௌந்தர் சார்கிட்ட கேட்டேன். "வரலளா, வந்தா தெரியாதா?"ன்னாரு. செல்வி அக்கா போன் எடுக்கல. இலையை அடைச்சு வைக்கிற அவங்க கிட்டங்கியில டவர் கிடைக்காது. ரெண்டு மணி தாண்டிட்டு. மூணு மணிக்கு எனக்குச் சுருக்குன்னுது. போன வருஷ ஸ்பெயின் ஃபோல்டரைத் திறந்தேன். ஜெர்மனி விலாசம் அங்கன இருக்கு. வந்த நேரம் காலை ஒன்பது நாப்பது. சௌந்தர் சார் போன வருஷ மெயில்ல ரிப்ளை போட்டு விலாசம் கேட்டிருக்காரு, அவங்களும் அதுலயே பதில் போட்டிருக்காங்க.

உடனே கப்பல் கம்பெனிக்குப் போன் பண்ணேன். ஒரு மணி நேரந்தானே சார், பாத்துச் செய்ங்கன்னு அழாத குறையாக் கேட்டேன். அந்தப் பக்கம் இருந்தவரு கொட்டாவி விட்டுக்கிட்டே சொன்னாரு: "மேடம், ஒங்க ஃபோல்டர் தேடுற வரைக்கும் கப்பல் நிக்காது."

விளக்கக் கடிதம்

சாயங்காலம் சௌந்தர் சார் என்னைக் கூப்பிட்டாரு. பழைய ஃபோல்டர்லயும் தேடியிருக்கணுமாம். என் கவனக்குறைவாம். திங்கக்கிழமை காலையில 'தவறு என்னுடையது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமாம். அப்படி எழுதிக் குடுத்தா அடுத்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்னு எனக்குத் தெரியாதா? செல்வி அக்காட்ட, ஒங்க மெயில் வரவே இல்லம்மான்னு வாய் கூசாமச் சொல்லிட்டாரு. ரெண்டு வருஷமா எதைச் செய்யாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்துனேனோ, அதைச் செஞ்சிட்டு என் தலையில கட்டப் பாக்காரு.

திங்கக்கிழமை வெள்ளைப் பேப்பரை எடுத்து வச்சிட்டு உக்காந்திருக்கேன். செல்வி அக்கா வந்தாங்க. வாங்கன்னு சொல்லக் கூட எனக்கு முகம் இல்ல. அவங்க என்னைப் பாக்கவும் இல்ல. நேரா முதலாளி ரூமுக்குள்ள போயி, போனை மேஜையில வச்சாங்க. அங்கதான் சௌந்தர் சாரும் உக்காந்திருந்தாரு. நான் எந்திரிச்சுப் போய்க் கதவுகிட்ட நின்னேன்.

நடந்தது இதுதான். மெயில் வரலன்னு சொன்னதை நம்பாம, அக்கா அவங்க ஃபோல்டரை ஒவ்வொண்ணாத் திறந்து பாத்திருக்காங்க. ஸ்பெயின் ஃபோல்டர்ல அவங்க மெயில் இருக்கு. அதுக்குக் கீழ இன்னொரு மெயிலும் இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் சௌந்தர் சார், அக்கா மெயிலையே எடுத்து முதலாளிக்குத் தள்ளி விட்டு, மேல நாலு வரி இப்படி எழுதியிருக்காரு: காலையிலேயே மெயிலைப் பாத்துட்டேன், பிரிண்ட் எடுத்து வச்சிட்டு மறந்துட்டேன், பார்ட்டிகிட்ட மெயில் வரலன்னு சொல்லிருக்கேன், மெர்லின்கிட்ட எழுதி வாங்கிருதேன். சப்ஜெக்ட்டை மட்டும் மாத்தல. ராசி போயிரும்லா? நம்பரைப் பாத்ததும் மெயில் தானா போய் அக்கா ஃபோல்டர்ல உக்காந்துக்கிட்டுது.

முதலாளி போனைப் பாத்தாரு, சௌந்தர் சாரைப் பாத்தாரு. முதலாளியும் வியாழக்கிழமையே அதைப் படிச்சவருதான். செல்வி அக்கா சத்தம் போடல. கதவுக்கு வெளியில நிக்கிற எனக்கும் கேக்குற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திக் கேட்டாங்க: "என் மெயில் வரலன்னீங்களே சார், வராத மெயிலுக்குக் கீழ ஒங்க கடுதாசி எப்படி வந்து உக்காந்துச்சு? அந்த ஜெர்மனிக்காரனுக்கு, தப்பு எங்க ஆபீஸ் மேலதான்னு இப்பமே, என் கண்ணு முன்னால எழுதுங்க."

அடுத்த வாரக் கப்பல்ல பெட்டி போயிட்டு, நான் எடுத்து வச்ச பேப்பர் வெள்ளையாவே இருக்கு, சௌந்தர் சார் ஜெர்மனிக்காரனுக்கு எழுதுன மன்னிப்பு மட்டும் எங்கன்னு கேட்டீங்கன்னா, அதையும் அவரு அக்காவோட அந்தப் பழைய மெயிலை எடுத்து, ஜெர்மனிக்காரன் ஐடியைச் சேத்து ரிப்ளையாத்தான் போட்டாரு, அதனால போன வருஷ ஃபோல்டர்லதான் கிடக்கு.