சம்பந்தியும் லண்டன் சிஸ்டமும்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் வைத்திருக்கும் லட்சுமணசாமிக்குப் பொறுமை கிடையாது. ரயில்வே கேட் மூடியிருந்தால் காரைத் திருப்பிக்கொண்டு வேறு ஊர் வழியாகச் சுற்றிப் போகிறவர். செஸ் ஆட உட்கார்ந்தாலும் அப்படித்தான்; ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே ராணியைச் சண்டைக்கு அனுப்பிவிடுவார்.

மகள் ரித்திகாவைக் காரமடையில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா பாலகோபாலுக்கும் செஸ் பைத்தியம் உண்டென்று நிச்சயதார்த்தத்தன்றே தெரிந்துபோயிற்று. அதிலிருந்து மகளைப் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஆட்டம். ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. சம்பந்தியாயிற்றே, கோபித்துக்கொள்ளவும் முடியாது. பாலகோபாலோ வெட்டுவதற்கு முன் அனுமதி கேட்கிற மனிதர்.

“ஏனுங் சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ராணிய எடுத்துக்கட்டுங்களா?”

“அதுக்கென்னங், தாராளமா எடுத்துக்குங்க,” என்பார் லட்சுமணசாமி, பல்லைக் கடித்தபடி. வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று அவருக்கு எப்போதும் வெள்ளைக் காயையே கொடுப்பார்கள். முதலில் நகர்த்தியும் முதலில் தோற்கிறோமே என்பது அவருக்குக் கூடுதல் வருத்தம்.

கொப்பரை வாங்க வரும் கோயம்புத்தூர் வியாபாரி அப்துல் வஹீது, இளவயதில் செஸ் கிளப்பில் ஆடியவர். ஒருநாள் களத்தில் டீ குடித்துக்கொண்டே இந்தக் கதையைக் கேட்டார்.

“அண்ணா, நீங்க ராணிய விடிஞ்சதும் சந்தைக்கு அனுப்பிப்போடறீங்க. லண்டன் சிஸ்டம்னு ஒண்ணு இருக்குது, அத ஆடுங்க. எதிராளி என்ன பண்ணுனாலும் நம்ம காய நாம ஒரே மாதிரி அடுக்கிக்கலாம்.”

தரையில் கட்டம் கீறி, தேங்காய்ச் சில்லுகளை வைத்துக் காட்டினார். ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். ராணிக்குப் பக்கத்து மந்திரியைக் குறுக்காக வெளியே விட வேண்டும். பிறகு சின்னச் சிப்பாய்களால் முக்கோணமாக வேலி கட்டி, ராஜாவை ஓரமாக உட்கார வைக்க வேண்டும். அதுவரை சண்டை கிடையாது.

அன்று இரவுச் சாப்பாட்டில் லட்சுமணசாமி, “சாமியாத்தா, நான் லண்டன் கத்துக்கப்போறேன்,” என்றார்.

“மொதல்ல பாஸ்போர்ட் எடுங்க,” என்று மனைவி ரசத்தை ஊற்றினாள்.

ஒரு மாதம் போனில் ஆடிப் பழகினார். களத்தில் கொப்பரை காய்ந்தது. அவர் வேலி கட்டினார். அடுத்த முறை காரமடையில் ஆடியபோது சம்பந்தியால் எங்கேயும் உள்ளே நுழைய முடியவில்லை. லட்சுமணசாமியாலும் வெளியே போக முடியவில்லை. வழக்கமாக அரை மணியில் தோற்று எழுந்து கை கழுவுகிறவர், அன்று மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தார். பெண்கள் இலையைப் போட்டுச் சாப்பிட்டுத் தூங்கியே எழுந்துவிட்டார்கள். ஆட்டம் டிரா. பிரியாணி ஆறிப்போயிருந்தது. லட்சுமணசாமிக்கு அது அமிர்தம்.

அதுவே அவரைக் கெடுத்தது. அதற்கடுத்த முறை எதிரே என்ன நடக்கிறது என்று பார்க்கவேயில்லை. மாப்பிள்ளையோடு தேங்காய் விலை பேசிக்கொண்டே, பாத்திரம் அடுக்குவது போலக் காய்களை அடுக்கினார். பாலகோபாலின் கறுப்புச் சிப்பாய் ஒன்று நடுக்கட்டத்துக்கு வந்தது. அவர் கவனிக்கவில்லை. அது இன்னும் ஒரு கட்டம் முன்னால் வந்து, ஒரு பக்கம் குதிரையையும் மறுபக்கம் மந்திரியையும் பார்த்து நின்றது.

“ஏனுங் சம்பந்தி, குதிரைய எடுக்கட்டுங்களா, மந்திரிய எடுக்கட்டுங்களா? நீங்களே சொல்லுங்.”

ஊர் திரும்பும் வழியில் சாமியாத்தாள், “அடுக்கறதெல்லாஞ் சரிதானுங். எதுக்க ஒரு மனுசன் உக்காந்திருக்காருல்ல, அவரையும் கொஞ்சம் பாருங்,” என்றாள்.

அந்த வார்த்தை உள்ளே தைத்தது. அடுத்த ஆட்டத்தில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் எதிர்ப்பக்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அதே கறுப்புச் சிப்பாய் மறுபடி நடுவுக்கு வந்தது. இந்த முறை அதற்குக் காவல் போதாதென்று கண்டுபிடித்துவிட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி, இத எடுத்துக்கட்டுங்களா?”

பாலகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “எடுத்துக்குங்,” என்றார்.

ஒரே ஒரு சிப்பாய்தான் லாபம். அதை வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் அடி அடியாக நகர்ந்து, பொழுது சாயும் நேரத்தில் ஒரு சிப்பாயைக் கடைசிக் கட்டம்வரை கொண்டுபோய் ராணியாக்கினார். பாலகோபால் கை குலுக்கினார். ரித்திகா அப்பாவுக்கு இனிப்பு கொண்டுவந்தாள். மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கும் ஒன்று வைத்தாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே பாலகோபாலிடமிருந்து போன். உடம்பு எப்படி, மழை உண்டா, கொப்பரை போகிறதா என்று எல்லாம் விசாரித்தார். பிறகு கொஞ்சம் இழுத்து, “அந்த மந்திரிய வெளிய உட்டீங்களே சம்பந்தி, அது ராஜாவோட சிப்பாய நகத்தறதுக்கு முன்னாலீங்களா, பின்னாலீங்களா?” என்றார்.

“முன்னாலீங். இல்லீனா மந்திரி வேலிக்குள்ளயே மாட்டிக்கும்,” என்று தொடங்கிய லட்சுமணசாமி, காபி ஆறும்வரை விளக்கினார்.

போனை வைத்ததும் சாமியாத்தாள் கேட்டாள்: “ஏனுங், ஜெயிச்ச வித்தைய அவருக்கே சொல்லிக் குடுத்துப்போட்டீங்களே?”

“நாஞ் சொல்லாட்டி அவரு போன்ல பாத்துக் கத்துக்குவாரு புள்ள. அதுல பாத்தாருன்னா சரியா கத்துக்குவாரு,” என்றார் லட்சுமணசாமி, ஆறிய காபியை எடுத்துக்கொண்டு.