நண்டின் மொட்டைக் கால்

“…நடுவுல உங்க பேரு, சுத்தி இத்தனை காலு. என்ன அண்ணாச்சி, நண்டா வரையுதிய?”

துறைமுகச் சரக்கு அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி ரீத்தா, சாப்பாட்டு இடைவேளையில் என் கணினியை எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

அது மைண்ட் மேப் என்னும் கிளைப்படம். மனைவி இறந்த பிறகு எதுவும் நினைவில் நிற்காமல் போக, ஒரு மென்பொருளில் நானாகவே போடக் கற்றுக்கொண்டது. கிழமைக்கு ஒரு கிளை, கிளை நிறைய வேலைகள்.

“ஞாயித்துக்கிழமை காலு மட்டும் மொட்டையா நிக்கு?”

யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் நேரமே இல்லை என்று சொல்லி வந்தவன் நான். அந்தப் பொய் இப்போது திரையில் வெட்டவெளிச்சமாக நின்றது.

“அன்னைக்குப் பேச ஆளில்லம்மா,” என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ரீத்தா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஞாயிறுக்குக் கீழே ‘எங்க வீட்ல மீன்குழம்பு’ என்று அடித்தாள். அதற்கும் கீழே, ‘வரலைன்னா கூட்டிட்டுப் போக ஆள் வரும்’.