எத்தனை வண்டி குப்பை?

போன வாரம் கூரியர்க்காரத் தம்பி ஒரு சின்னப் பொட்டலத்தை என் கையில் திணித்து, "என்னம்மா, உள்ள எதுவும் செத்துக் கெடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கி ஓடியே போனான். என் மகள் பால்கனி ரோஜாச் செடிக்காக ஆன்லைனில் வாங்கிய மீன் உரம் அது. பளபளவென்று பை, மேலே பச்சை இலைப் படம், கொட்டை எழுத்தில் 'இயற்கை'. கத்தரியால் ஓரத்தை வெட்டினேன், அவ்வளவுதான்! அந்த வாசம் மூக்கில் ஏறியதும் சோபாவில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, மொதல்ல அத குப்பையில போடு" என்று கத்தினாள்.

"குப்பையில போடறதா? இதுதாண்டி குப்பை!" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் மூக்கைப் பொத்தாமல் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில் இருந்தது. பலகையில்தான் முதுநகர், எங்கள் வாயில் அது எப்போதும் ஓல்டு டவுன், சுருக்கமாக ஓ.டி.தான். அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், கருவாட்டு வியாபாரம். நல்ல மீனெல்லாம் உப்புப் போட்டுக் காய்ந்து சந்தைக்குப் போகும். விலைபோகாத பொடி மீன், நசுங்கின சாளை, தலை, குடல் எல்லாம் உப்பில்லாமல் கொல்லை மணலில் காயும். அது எருவுக்கு. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக்காரர்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து அள்ளிப்போவார்கள். வரும்போது எங்கள் ஆடுகளுக்குக் கரும்புத் தோகை கொண்டுவந்து போடுவார்கள். அத்தா டீயில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக்கொண்டே, "இதுவும் நம்ம சாளைதான்" என்பார். அம்மாவுக்குக் குமட்டும். "டீ குடிக்கறப்ப பேசற பேச்சா இது?" என்று எழுந்து போய்விடுவாள்.

அப்புறம் யூரியா மூட்டை வந்தது. வெள்ளை வெளேரென்று, நாற்றம் இல்லாமல், சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போகிற சமாச்சாரம். மாட்டு வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அத்தா மட்டும் நிறுத்தவில்லை. "கடல் குடுத்தத தூக்கிப் போட மனசு வரலியே" என்று காயவைத்துக் குவித்துக்கொண்டே போனார். கொல்லையில் ஒரு குன்றே எழும்பிவிட்டது.

அந்தக் குன்றுதான் என் நூரக்காவின் கல்யாணத்துக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. அக்கா அழகி. தையலில் கெட்டிக்காரி. அவள் சிரித்தால் தெருமுனை டீக்கடையில் கேட்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரம் தின்பார்கள், அக்காவைப் பார்ப்பார்கள், முகம் மலரும். அந்த நேரம் பார்த்துக் கொல்லைப் பக்கமிருந்து ஒரு காற்று அடிக்கும். "சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துவிடுவார்கள். சொல்லி அனுப்பியவர் ஒருத்தரும் கிடையாது. ஒரு நாள் அக்கா துணி மடித்துக்கொண்டே, "எனக்காக நீ காத்துக் கெடக்காதடி, ஒனக்கு வந்தா பண்ணிக்கோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றைக்கு அந்தக் குவியல்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

இத்தனைக்கும் நான் அப்போது பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த அறிவியல் டீச்சர்! நைட்ரஜன் சுழற்சியைப் பலகை முழுக்கப் படமாகப் போடுவேன். காற்று, மண், செடி, ஆடு, மறுபடி மண். கலர் சாக்பீஸில் அம்புக்குறி போட என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு வேறு. மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக் கதவைப் படாரென்று சாத்துவேன்.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம் லால்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தரகர் 'வெற்றிலை வியாபாரக் குடும்பம்' என்று மட்டும் சொல்லியிருந்தார். அம்மா அத்தாவிடம் சண்டை போட்டு, அவர்கள் வருவதற்குள் குவியலை அப்புறப்படுத்தச் சொன்னாள். அத்தா ஆள் பார்க்கிறேன், வண்டி பார்க்கிறேன் என்று இழுத்தடித்தார். வருகிற அன்று காலையில் பருவமில்லாத மழை ஒன்று, சும்மா பத்து நிமிஷம், குவியலை நன்றாக நனைத்துவிட்டுப் போனது. மேலே சுள்ளென்று வெயில். யா அல்லாஹ், அந்த வாசத்தை எழுத்தில் எழுத முடியாது!

அம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். திரைச்சீலைக்கெல்லாம் அத்தர் தடவினாள். அத்தரும் அழுகின சாளையும் கலந்தால் என்ன ஆகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். என்னைத் தனியாக இழுத்து, "யாராச்சும் கேட்டா வியாபாரம், எருவுன்னு வாயத் தொறக்காத. குப்பைன்னு சொல்லு. நாளைக்கே அள்ளிப் போட்டுடுவோம்னு சொல்லு" என்று பாடம் நடத்தினாள்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தா, ஒல்லியாக, வெற்றிலைச் சிவப்பு ஏறிய பல்லோடு. மாப்பிள்ளையின் அம்மா, கூடவே இன்னொரு மாமி, பின்னால் கூச்சத்தோடு மாப்பிள்ளை. மாமி உட்கார்ந்ததுமே முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். அம்மாவின் முகம் வெளுத்தது. நான் டீத் தட்டோடு மாப்பிள்ளையின் அத்தா முன்னால் குனிந்தேன். அவர் டீயை எடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சி, கொல்லைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"இன்னாம்மா வாசம் அது?"

"குப்பை மாமா" என்றேன், மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. "நாளைக்கே அள்ளிப் போட்டுடுவோம்."

"குப்பையா!" அவர் கண் விரிந்தது. "எத்தன வண்டி இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை. கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. விஷயம் என்னவென்றால், எங்கள் கடைத்தெருவில் குப்பை என்றால் கூட்டித் தள்ளுவது. அவர்கள் ஊரில் குப்பை என்றால் வயலுக்குப் போடுகிற எரு. 'இந்த வருஷம் குப்பை அடிச்சாச்சா?' என்றுதான் அங்கே ஒருவரை ஒருவர் விசாரிப்பார்களாம். ஒரு வீட்டில் இத்தனை வண்டி குப்பை இருக்கிறது என்றால் அது வசதியான வீடு. பாவி நான், அம்மா எதை மறைக்கச் சொன்னாளோ அதையே நான் பெருமையாக அறிவித்திருக்கிறேன்!

மனிதர் எழுந்து கொல்லைக்கு நடந்தார். பின்னாலேயே அத்தா, அம்மா, நான், மூக்கைப் பொத்திய மாமி. குவியலின் ஓரத்தில் குந்தி, உள்ளே கைவிட்டு, காய்ந்த சாளை ஒன்றை எடுத்து ஒடித்தார். மோந்து பார்த்தார். அப்புறம் நாக்கில் வைத்தார். மாமி, "அஸ்தஃபிருல்லாஹ்!" என்று அலறிவிட்டாள்.

"உப்பு போட்டிருந்தா கொடிக்காலுக்கு ஆவாது" என்று அவளுக்குச் சமாதானம் சொன்னார். வெற்றிலைத் தோட்டத்துக்கு அங்கே கொடிக்கால் என்று பெயர். "இதுல உப்பில்ல. சுத்தமான மீனு குப்பை!" பிறகு அத்தாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏன் மச்சான், இத போயி யாராச்சும் அள்ளிப் போடுவாங்களா?"

மச்சான்! இன்னும் பெண்ணையே பார்க்கவில்லை, அதற்குள் மச்சான்! அம்மாவின் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்திருக்கிறது. அப்படியே கொல்லைப் படியில் உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைத் தடவிக்கொண்டாள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நூரக்காவால் அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு வெடித்தது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். அங்கேயே முடிவாகிவிட்டது என்று, எனக்கு மச்சானாகிவிட்ட அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் சொல்வார்.

சீர் பேச உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் அத்தா, அதாவது மாமா, "வேற எதுவும் வேணாம். அந்தக் குப்பைய மட்டும் அனுப்பி வெச்சிடுங்க" என்றார். அக்கா உள்ளேயிருந்து ஒரு நிபந்தனை போட்டாள்: கல்யாண வண்டியும் எரு வண்டியும் சேர்ந்து போகக் கூடாது. அதனால் சீர் ஒரு நாள் முந்திக்கொண்டு லாரியில் போயிற்று. தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, முன்னால் யாரோ ஒரு கனகாம்பரச் சரத்தைக்கூடத் தொங்கவிட்டிருந்தார்கள். மறுநாள் அக்கா புகுந்த வீட்டில் இறங்கினால், கொடிக்கால் பக்கமிருந்து அதே காற்று! "வூட்ட வுட்டு வந்த மாதிரியே இல்லடி. அழவே தோணல" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

முதல் வெற்றிலை அங்கிருந்து வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாழைச் சருகில் சுற்றி, ஈரத்துணி போர்த்தி, அப்படி ஒரு பச்சை. அத்தா ஒன்றை எடுத்துக் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். "சாளை" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாகூட அன்று குமட்டிக்கொள்ளவில்லை.

நான் விடுமுறை கிடைத்தால் சிதம்பரம் பஸ் ஏறிவிடுவேன். கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெயிலே தெரியாது. வெற்றிலைக் கொடி அகத்தி மரத்தைப் பிடித்து ஏறும். அகத்தி சும்மா கம்பமாக நிற்காது, வேரில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும். நான் பலகையில் எழுதுகிற பாக்டீரியா அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அகத்திக்கீரை ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை கொடிக்கு. கோடையில் வீராணம் ஏரி வற்றினால் வண்டலும் வந்து சேரும். எல்லா அம்புக்குறியும் கண்முன்னே. ஒன்றே ஒன்றுதான் எனக்கு இடித்தது. மீன் இங்கே வந்துவிட்டது, சரி. திரும்பக் கடலுக்குப் போவது எது?

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. கொட்டகையில் ஒதுங்கி நின்றிருந்தோம். பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடி வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. வாய்க்கால் ஆற்றுக்கு, ஆறு கடலுக்கு, கடலில் அந்தச் சத்தைத் தின்று பாசித் துணுக்கு பெருகும், அதைத் தின்பது... "சாளை! மச்சான், சாளை திரும்பப் போவுது!" என்று மழையில் இறங்கிக் குதித்தேன். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த பிறகு இப்படிக் குதித்தது அந்த ஒரு தரம்தான். மாமா அக்காவைப் பார்த்து, "ஒந்தங்கச்சிக்கு ஜொரம் வந்துடப் போவுது, துண்ட எடு" என்றார்.

மறுநாள் பலகையில் பாடப்புத்தகப் படத்தை அழித்துவிட்டுச் சாளை, வெற்றிலை, எங்கள் அத்தா என்று போட்டேன். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், ஒங்க அத்தா வாயிலேர்ந்து அம்புக்குறி எங்க போவும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

இன்று ஓ.டி.யில் எங்கள் கொல்லை இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். பொடி மீனெல்லாம் துறைமுகத்திலிருந்தே கோழித் தீவனத்துக்கு வேனில் போய்விடுகிறது. அத்தா இல்லை, மாமாவும் இல்லை. மாமா போனபின் கூலிக்கு ஆள் கிடைக்காமல் மச்சான் கொடிக்காலை விட்டுவிட்டார், அது பிளாட்டாகிவிட்டது. அவர்கள் மகன் துபாயில். அக்காவும் மச்சானும் சிதம்பரத்தில் மூன்றாவது மாடியில். கொடிக்காலைக் கொடுத்த அன்று அக்கா வெட்டி வந்த ஒரே ஒரு கொடி, பெயின்ட் டப்பாவில் பால்கனிக் கம்பியைப் பிடித்து ஏறுகிறது.

மகள் தூக்கிப் போடச் சொன்ன பொட்டலத்தை நேற்று அங்கே கொண்டுபோனேன். அக்கா பையைத் திறந்து மோந்தாள். "என் சீருடி!" என்று அதே சிரிப்பு. மச்சான் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, "உப்பில்ல" என்றார். மூன்று பேரும் பால்கனியில் குந்தி, டப்பா மண்ணைக் கிளறி, அள்ளி அள்ளிப் போட்டோம். தண்ணீர் ஊற்றியதும் வாசம் எழும்பியது பாருங்கள், நாங்கள் ஓ.டி.க்கே போய்விட்டோம்.

வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டுப் பெண், நல்ல பிள்ளை, மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா, என்னமோ நாத்தம் அடிக்குது?"

அக்கா இடுப்பில் கைவைத்து, கண் மினுங்க, உரக்கச் சொன்னாள்: "குப்பைம்மா!"

சொல்லிவிட்டு அக்கா காத்திருந்தாள். நானும் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலைல குப்பை வண்டி வரும்க்கா, அள்ளிப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.