சந்துக்குள் வந்த சாரை

இன்று அடுத்த வீட்டில் பூண்டு நசுக்கிய வாடையில், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் நேமத்தான்பட்டி வீட்டின் சந்து நினைவுக்கு வந்தது. பாகம் பிரித்த பின் எங்கள் பாதிக்கும் பெரியப்பா பாதிக்கும் நடுவே கிடந்த அந்த இருட்டுச் சந்தில், பாம்பு வராமலிருக்க அம்மா ஒரு முனையிலும் பெரியம்மா மறுமுனையிலும் பூண்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். பேச்சு நின்று பல வருடங்கள் ஆகியிருந்ததால் அப்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் பெரிய சாரைப்பாம்பு ஒன்று சந்துக்குள் புகுந்தது.

"அது சாரை, விஷமில்ல. விட்டுருங்க!" என்று அப்பா கத்தினார்.

"விஷமில்லாட்டி வீட்டுக்குள்ள வந்துரலாமா?" என்றபடி அம்மா விறகுக்கட்டையோடு நுழைந்தாள். மறுமுனையில் பெரியம்மா உலக்கையோடு நின்றாள். தப்ப வழியில்லாமல் அது சுவரோரம் அலைமோத, சேர்ந்து நெல் குத்துகிறவர்களைப் போல இருவரும் மாறி மாறி அடித்தார்கள். அது அடங்கியதும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். பேசிவிடுவார்கள் என்று நினைத்தேன். பேசினார்கள்.

"ஒன் பக்கமே பொதச்சுக்க" என்றாள் பெரியம்மா.

"ஒங்க பக்கமிருந்துதானே இங்குட்டு வந்துச்சு. நீங்களே எடுத்துப் போடுங்க" என்றாள் அம்மா.

மறுநாள் நாற்றம் தாங்காமல் அப்பா அதை அள்ளிக்கொண்டு போனபோது, இரண்டு பக்கக் கதவுகளும் சாத்தியே கிடந்தன.