அடைக்கலம் கொடுத்த பிடிமண்

வாருங்கள், இப்படி வேப்பமர நிழலில் உட்காருங்கள். எல்லாரும் சௌக்கியந்தானே? குளத்தூர்ப் பக்கமிருந்து வந்தவர்களுக்கு பஸ் கிடைத்ததா? அங்கே மழை உண்டா? இங்கே இரண்டு தூறல் போட்டுவிட்டு மேகம் நார்த்தாமலைப் பக்கம் போய்விட்டது. வேளார் வீட்டில் மண்குதிரைக்குக் கண் திறக்க இன்னும் கொஞ்ச நேரமாகுமாம். அதுவரைக்கும் அடைக்கலத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அதை அவனே உங்களிடம் சொல்லியிருப்பான்.

போன புரட்டாசியில் ஒருநாள் கடலைக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். காசிம் பாயின் மொபெட் சத்தம் கேட்டது. டீக்கடை பாயைத்தான் சொல்கிறேன். அந்த மனிதர் கடையை விட்டு அசையாதவர். மகள் கல்யாணத்தன்றுகூட பாய்லரைப் பற்றவைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார். அப்படிப்பட்டவர் வண்டியை வரப்பில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்து நின்றார்.

"கடை?" என்றேன்.

"சாத்திட்டேன்."

அவரே சொன்னார். "அடைக்கலம் போய்ட்டாப்ல. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து ஒக்காந்துருக்காப்ல. அம்புட்டுதான். ஆட்டோவுல ஏத்துறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நான் கையிலிருந்த கடலைச் செடியைக் கீழே போடவில்லை. அதோடுதான் அவர் வண்டியில் ஏறிப் போயிருக்கிறேன். துக்க வீட்டு வாசலில் யாரோ என் கையிலிருந்து அதை வாங்கி வைத்தார்கள்.

அடைக்கலம் எனக்கு மாப்பிள்ளை முறை. என் பெரியப்பா மகள் பஞ்சவர்ணத்தைத்தான் கட்டியிருந்தான். நம்மூர்ப் பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனபோது இவன் மட்டும் பின்லாந்துக்குப் போனான். அறந்தாங்கிக்காரர் சேகர் என்று ஒருவர் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தார். அவர்தான் இவனை அழைத்துக்கொண்டார். சட்டி கழுவப் போனவன் அங்கேயே சமையல்காரன் ஆனான். சின்ன ஊராம். சுற்றிக் காடு, நடுவில் ஏரி, கரையில் மூடிக் கிடக்கும் காகித மில். கடைக்குப் பின்னால் ஒரு கால்பந்து மைதானம். அந்த மைதானம்தான் அவனைப் பிடித்துக்கொண்டது.

பனிக்காலம் முடிகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வாசலைத் திறந்தால் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் மைதானத்தில் பனியை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். கூலி கிடையாது, யாரும் ஏவவும் இல்லை. இவன் பார்த்தான். நம்மூரில் கண்மாய் மராமத்துக்கு வீட்டுக்கொரு ஆள் போவதில்லையா, அதுதான் இது என்று புரிந்துபோயிற்று. கடையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றுவிட்டான். யாரும் அவனை யார் என்று கேட்கவில்லை. பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த கிழவர் மட்டும் தன் கையுறையில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அவர் பெயர் பெக்கா. அன்று முழுவதும் இருவரும் ஆளுக்கொரு கையுறையோடு வெட்டினார்களாம்.

பெக்கா அந்த மில்லில் வேலை பார்த்தவர். அந்த மைதானத்தில் ஆடும் கிளப்பைத் தொடங்கியதே மில் தொழிலாளிகள்தான். அந்த ஊர்ப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் நாங்கள் மில் டீம் என்றே சொல்வோம். பாதிப் பேருக்கு ஷிப்டு இருந்தால் மீதிப் பேரை வைத்துக்கொண்டே ஆடுவார்களாம். ஒரே ஒரு வருஷம் இரண்டாம் டிவிஷன் வரைக்கும் ஏறியிருக்கிறார்கள். தலைநகரத்திலிருந்து பெரிய டீம் வந்தபோது மில்லே சங்கு ஊதி ஆட்களை வெளியே விட்டதாம். பிறகு மில்லை மூடினார்கள். பிழைப்புக்காகப் பிள்ளைகள் தெற்கே போனார்கள். டீம் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கி, நான்காவதுக்கும் இறங்கியது. கோடு போட, வலை கட்ட, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் பெக்காதான். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. பேச்சும் கிடையாது.

இந்த வரலாற்றை அடைக்கலம் ஊருக்குத் திரும்பிய பிறகு பாய் கடையில் சொல்லாத நாள் இல்லை. பாய்க்குச் சிரிப்பாக இருக்கும்.

"ஒரு வருசம் மேல இருந்ததுக்கு இம்புட்டுப் பேச்சாப்பா?"

"ஏன் பாய், புதுக்கோட்டையிலயுந்தான் ராசா இருந்தாக. இப்ப கலெக்டர் ஆபீசுதான் இருக்கு. அதுக்காவ நாம பேசாமயா இருக்கோம்?"

பஞ்சவர்ணத்தின் வருத்தம் வேறு. அங்கே பெக்காவோடு சேர்ந்து சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு இவன் மைதானத்துக்குக் கோடு போட்ட படத்தை ஊரெல்லாம் காட்டுவான் அல்லவா. அவள் என்னிடம் சொல்லுவாள்: "வாசல்ல ஒரு புள்ளி வச்சுத் தந்திருப்பாராண்ணே இந்த மனுசன்? அங்கிட்டுப் போயி ஊருக்கே கோலம் போட்டுட்டு வந்துருக்காரு."

நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன். டிவிஷன், பாயிண்ட் என்றால் எனக்கு என்ன தெரியும்? அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் நடக்கும். சேகர் போனில் பிடித்து அனுப்புவார். திங்கட்கிழமை காலையில் அடைக்கலம் பாய் கடை பெஞ்சில் பத்துக் கிளாஸை வரிசையாக வைப்பான். ஒரு கிளாஸ் ஒரு டீம். ஜெயித்தது முன்னால் போகும், தோற்றது பின்னால் வரும். விளிம்பு உடைந்த கிளாஸ் ஒன்று உண்டு. அதுதான் மில் டீம். வருஷக் கடைசியில் வாலில் நிற்கும் இரண்டு கிளாஸ் பெஞ்சிலிருந்து கீழே இறங்கிவிடும். அடுத்த வருஷம் தரையிலிருந்துதான் ஆட வேண்டும். இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் புரியாது? பாய்தான் கத்துவார். "கிளாஸக் குடுங்கப்பா, நான் யாவாரம் பாக்க வேணாமா?"

அவன் திரும்பி வந்த வருஷமே மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு இறங்கியதை நாங்கள் பார்த்தோம். உடைந்த விளிம்புக் கிளாஸை எடுத்துத் தரையில் வைத்தான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மச்சான், எழவு வீடு மாதிரி ஒக்காந்துருக்க? எறங்குச்சு. ஒடையலல்ல?" என்றான்.

போன வருஷம் உடைந்தும் விடும் போலிருந்தது. நான்காவதுக்கென்று மறுபடி பெஞ்சிலேயே அடுக்கியதிலும் மில் டீம் வாலில் நின்றது. இதிலிருந்தும் இறங்கினால் கிளப்பை மூடிவிடலாம் என்று அங்கே ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்திருப்பதாகச் சேகர் சொன்னார். ஆட ஆள் இல்லை, ஓடியாடி வேலை செய்யவும் பெக்காவை விட்டால் ஆள் இல்லை. அன்றைக்கு அடைக்கலம் கிளாஸ் அடுக்கவில்லை. எழுந்து போனவன் கண்மாய்க்குள் இறங்கியதைப் பார்த்தேன். ஒரு கை மண் எடுத்தான். நேரே வேளார் வீட்டுக்குப் போனான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அய்யனாருக்கு மண்குதிரை வேண்டிக்கொள்கிறவர்கள் கண்மாயிலிருந்து பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுக்க வேண்டும். வேண்டுதல் பலித்தால் அந்த மண்ணோடு சேர்த்து வேளார் குதிரை செய்வார். வைகாசியில் புரவி எடுத்துப் போய் அய்யனார் காட்டில் நிறுத்துவோம். ஊர்க் குதிரையை எடுக்கும்போதெல்லாம் அதைச் சுமக்கிற மூங்கிலில் முன்னால் அடைக்கலம், பின்னால் நான். அவன் உயரம். அதனால் கனமெல்லாம் என் பக்கம் சாயும். "நல்லா சொமடா, ஒனக்குத்தான் பாவம் நெறையா," என்பான்.

மில் டீம் ஜெயிக்க வேண்டும் என்று அய்யனாரிடம் வேண்டிக்கொண்டான் என்றே ஊர் முழுக்க நினைத்தது. பாய்கூடக் கேட்டார், அய்யனார் குதிரையில் அவ்வளவு தூரம் போவாரா, பனி தாங்குமா என்று. "நம்ம மண்ணுக் குதுர, சுட்டது. தாங்கும்," என்றான்.

கடைசி ஆட்டத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போதுதான் போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்க முடியாமல் கடைக்குப் போனேன். பாய் பாதிக் கதவைத்தான் திறந்திருந்தார். சேகர் அவர் போனில் வீடியோவில் அழைத்தார். இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு பார்த்தோம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் வட்டமாக அசையாமல் நின்றார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று கேட்டேன். "நம்ம அடைக்கலத்துக்குத்தாண்ணே," என்றார் சேகர். ஓரத்தில் பெக்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மற்றவர்கள் ஓடத் தொடங்கிய பிறகும் அவர் அதைத் தலையில் வைக்கவில்லை.

ஒரு கோலில் தோற்றார்கள்.

கிளாஸ்களை நான்தான் அடுக்கினேன். ஒன்பதை வைத்துவிட்டேன். உடைந்த விளிம்புக் கிளாஸை எடுத்தேன், தரையில் வைக்கக் கை வரவில்லை. பாய் என் கையிலிருந்து வாங்கினார். இத்தனை வருஷம் கேலி பேசிய மனிதர் குனிந்து, சத்தம் வராமல் அதைத் தரையில் வைத்தார். "ஒடையல," என்றார். பிறகு பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் செத்த வீட்டில் எனக்கு அந்த அழுகை வரவில்லை.

காரியம் முடிந்தபின் வேளார் பஞ்சவர்ணம் வீட்டுக்கு வந்தார். பிடிமண் அவர் வீட்டில் ஒரு சட்டியில் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்க வந்திருந்தார். நான் சொன்னேன்: "வேண்டுதல் பலிக்கலயே வேளாரே. மண்ணக் கண்மாயிலயே போட்ருங்க."

"என்ன பலிக்கல?"

"தோத்துப்போச்சே."

வேளார் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். "ஒங்க வீட்டுக்காரரு ஜெயிக்கணும்னு கேக்கலத்தா. மண்ணக் குடுத்துட்டு என் முன்னாலதான் சொன்னாரு. 'அடுத்த சித்திரையில பனி கரைஞ்சதும் அந்தக் கெழவரு கோடு போட மைதானத்துக்கு வரணும். ஜெயிக்கிறது தோக்குறதெல்லாம் அவுக பாடு. அவரு வீட்டுக்குள்ள ஒக்காந்துறக் கூடாது.' இதான் வேண்டுதல்."

பஞ்சவர்ணம் நிமிர்ந்து வேளாரைப் பார்த்தாள். "அப்ப மண்ணு இருக்கட்டும்," என்றாள்.

அந்தச் சட்டி வேளார் வீட்டு மூலையில் கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் கிடந்தது. சேகரிடம் கேட்டால், கூட்டம் போட்டார்கள், முடிவு சொல்லவில்லை என்பார். ஒருமுறை, பெக்காவைத் தன் கடைப் பக்கம் பார்த்தே நாளாயிற்று என்றார். அதைப் பஞ்சவர்ணத்திடம் நான் சொல்லவில்லை. பின்லாந்து எந்தத் திசை என்றுகூடத் தெரியாதவள், மாசி பிறந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்டாள். "பனி கரைஞ்சிருச்சாண்ணே?"

சித்திரை பிறந்து ஒருநாள் காலையில் பாய் ஆளனுப்பினார். சேகரின் படம் வந்திருந்தது. மைதானத்து ஓரங்களில் இன்னும் பனி குவிந்திருக்கிறது. நடுவில் புல் பழுப்பாகக் கிடக்கிறது. அதில் பெக்கா சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார், மெதுவாக. கோடு நேராக இல்லை. ஆட வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தொப்பை, மீதிப் பேருக்கு மீசை முளைக்கவில்லை. ஐந்தாம் டிவிஷனாம். ஆனால் ஆடுகிறார்கள்.

பஞ்சவர்ணம் பார்த்தாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "கோடு கோணலா இருக்குண்ணே. இவரு கூடப் புடிச்சிருந்தா நேரா வந்திருக்கும்," என்றாள். குதிரையைச் செய்யச் சொல்லி வேளார் வீட்டுக்கு அவளே நடந்து போனாள்.

அந்தச் சேதியை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவன் இல்லை. இத்தனை வருஷம் அந்த ஊர்ச் சேதி எல்லாம் அவன் வாயால்தான் எனக்கு வந்தது. முதல்முறையாக என்னிடம் ஒரு சேதி இருந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு கண்மாய்க்கரை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமைகளில் இப்போதும் கிளாஸ் அடுக்குகிறோம், தரையில். பாய் கத்துவதில்லை. அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது என்னவென்று கேட்டீர்களானால், உடைந்த விளிம்புக் கிளாஸை எங்கே வைப்பது என்று தெரிந்த பிறகும் உடனே வைக்காமல், அவன் செய்வதுபோலக் கொஞ்ச நேரம் கையிலேயே...

"அண்ணே, கண்ணு தொறந்தாச்சு. எல்லாரும் மூங்கிலப் புடிச்சுட்டாக. ஒரு ஆள் கொறையுதுண்ணே, வாங்க."

இதோ வாரேன் பஞ்சவர்ணம். நான் பின்னால் பிடிக்கிறவன், எனக்கு என் இடம் தெரியும். முன்னால் அவன் தோள் கொடுக்கிற இடத்தில் இன்றைக்கு யார் நிற்கிறது?