பித்தளைச் சங்கிலிக்கு அம்மோனியாக் குளியல்

தொண்ணூறுகளின் கடைசியில திருவிடந்தை பக்கம் ஒரு சின்ன உலோகப் பரிசோதனைக்கூடத்துல வேலை பார்த்தேன். உடைஞ்ச போல்ட்டு, வெடிச்ச குழாய் எல்லாம் எங்ககிட்ட வரும், ஏன் உடைஞ்சதுன்னு சொல்ல. எங்க தலைவர் டாக்டர் பட்டம் வாங்கினவரு. விரிசல் எப்படி ஓடுதுன்னு மணிக்கணக்கா வகுப்பெடுப்பாரு. எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம்.

அவர் பொண்ணுக்குக் கல்யாணம். நலங்குக்கு ஊஞ்சல் கட்டணும்னு அச்சரப்பாக்கத்துல இருந்து பழைய பித்தளைச் சங்கிலி வந்துது. வீட்டம்மா புளி கரைச்சுக்கினு வந்தாங்க. "புளியா? எந்தக் காலத்துல கீற நீ?"ன்னு நக்கலடிச்சுட்டு, லேபுல இருந்து அம்மோனியா பாட்டிலைத் தூக்கியாந்தாரு மனுஷன். சங்கிலி விறைப்பா நின்னாதான் துடைக்க வசதின்னு ஊஞ்சலை அப்பவே மாட்டி, பலகை மேல அரிசி மூட்டையை வேற ஏத்தி வெச்சாரு. தினமும் அம்மோனியாத் துணியால ஒரு தேய்ப்பு. அடக் கண்றாவியே! பித்தளையை உடைச்சுப் பார்க்க நாங்க லேபுல செய்யற சோதனையே இதுதான்.

கல்யாண வேலைக்கு ஒத்தாசையா நானும் அங்கதான் இருந்தேன். சொல்லிட்டேன். "சார், மூட்டை இழுக்கிற இழுப்புல சின்னக் கீறல் நுனியில அணுவுக்கு அணு இருக்கிற பிடிப்பு ஏற்கெனவே விறைச்சு நிக்குது. அங்க அம்மோனியா பட்டா அந்தப் பிடிப்பு விட்டுப்போவும். இழுப்பு மட்டும்னா தாங்கும். ரெண்டும் சேர்ந்தா அறுந்துடும். பொண்ணு உக்காரப் போவுது சார்."

"அதெல்லாம் லேபுலம்மா. இது வூடு"ன்னாரு.

ஆமா, வாசப்படி தாண்டினா அணுவெல்லாம் செருப்பைக் கழட்டி வெச்சுட்டு மரியாதையா நடந்துக்கும் பாருங்க!

நலங்கு அன்னிக்குச் சங்கிலி தங்கமாட்டம் ஜொலிச்சுது. பொண்ணைக் கூட்டியாந்தாங்க. பாட்டுப் பாடப் பொம்பளைங்க சுத்தி நின்னாங்க. என்னால சும்மா இருக்க முடியல. "சார், முதல்ல நீங்க ஒரு தடவை உக்காந்து காட்டுங்க"ன்னேன்.

மனுஷன் பலகையைப் பார்த்தாரு, சங்கிலியைப் பார்த்தாரு. உக்காரல. "கொக்கி சரியில்ல, நாற்காலி போடுங்க"ன்னாரு. கழட்டும்போது ஒரு வளையம் கையோட முறுக்கு மாதிரி ஒடிஞ்சு வந்துது.

பொண்ணு அப்பாகிட்ட கேட்டுது: "நீ உக்கார மாட்டேன்னதுல என்னை ஏம்பா உக்காரச் சொன்ன?"