பறக்கிறவர்களும் டிக்கெட் வாங்கிய அஞ்செட்டி பஸ்

அஞ்செட்டிக்கு எப்படிப் போவது என்று மூன்று வாசகர்கள் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மூவருமே, "ஓசூரில் யாரிடமாவது சொல்லிப் பறந்து போய்விடலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் தயவுசெய்து போகாதீர்கள். 1993 ஜனவரியில் நான் போன கதையைக் கேட்டால் ஏன் என்று புரியும்.

என் அக்கா செல்விக்குச் சிறுவயதிலேயே இடது கால் சூம்பிப்போனது. ஓசூரில் ஒரு கியர் கம்பெனியில் வேலை. வாரம் முழுக்க ஹாஸ்டல், சனிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் அஞ்செட்டியில் இருக்கும் கணவரிடமும் மகளிடமும் போவாள். அந்த பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள், நின்றால் வேலையை விடவேண்டியதுதான் என்று கடிதம் போட்டிருந்தாள். "நீயும் வந்து ஒரு டிக்கெட் வாங்கு" என்பது கடைசி வரி.

காவேரிப்பட்டினத்தில் காலை 9.20க்கு ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, ஓசூர் போய்ச் சேர 12.10. அறுபது கிலோமீட்டர் சொச்சம், ஏழரை ரூபாய்.

ஓசூரில் முன்பின் இறங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பறப்பது, பாரம் தூக்குவது என்று ஏதாவது ஒரு சக்தி உண்டு. வாயைப் பிளந்து பார்க்காதீர்கள், அவர்களுக்குப் பிடிக்காது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் 'மாடியில் வந்து இறங்கக் கூடாது' என்று மூன்று மொழியில் போர்டு. டீ மாஸ்டர் பாலை முறைத்துப் பார்த்தே கொதிக்க வைத்தார். டீ ஒரு ரூபாய், சர்க்கரை போதவில்லை. பறக்கிறவர்களும் ஷிப்டுக்கு கேட் வழியாகத்தான் போகவேண்டும், கார்டு பஞ்ச் பண்ணாவிட்டால் அரைநாள் சம்பளம் போச்சு.

பஸ்ஸுக்கு ஆபத்து வந்ததே இவர்களுடைய நல்ல மனசால்தான். சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும், பாவம் என்று அஞ்செட்டிப் பக்கத்து ஆட்களை இலவசமாகத் தூக்கிக்கொண்டு போய் விட்டிருக்கிறார்கள். பஸ் காலியாக ஓடியது. வரும் சனிக்கிழமை எண்ணிப் பார்ப்போம், முப்பது டிக்கெட் தேறாவிட்டால் ரூட் கட் என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். அக்காவையும் தூக்கத்தான் வந்தார்கள். அவள் ஒரே பிடியாக நின்றாள்.

"வாராவாரம் என்னை ஒருத்தர் தூக்கிக்கினு போவணுமா? நான் என்ன புண்ணாக்கு மூட்டையா? எனக்கு சீட்டு வேணும்."

அதற்குப் பிறகுதான், தாங்கள் தூக்கத் தூக்க பஸ்ஸே இல்லாமல் போகும் என்று அவர்களுக்கு உறைத்தது; தாங்களும் டிக்கெட் வாங்கி ஏறுவதென்று முடிவு செய்தார்கள்.

எண்ணுகிற அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு பஸ்ஸில் நாற்பத்தொரு டிக்கெட். என் பக்கத்தில் அக்கா. பின்னால் மாதப்பன், பெங்களூருக்கு நாலு நிமிஷத்தில் பறக்கிற ஆள். பஸ் ஏறிப் பழக்கமில்லாததால் மத்திகிரி தாண்டும் முன்பே ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி. அவன் பக்கத்தில் முனிரத்தினம்மா, லேத் மிஷினை ஒற்றைக் கையால் நகர்த்தி வைத்துவிட்டு அதன் கீழே பெருக்குகிறவர், பறக்கவும் தெரியும். முன் சீட்டில் எண்ண வந்த அதிகாரி.

தேன்கனிக்கோட்டை தாண்டி, காட்டு வளைவில் 4.40க்கு ஃபேன் பெல்ட் அறுந்தது. அதிகாரி திரும்பி முனிரத்தினம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ பஸ்ஸைத் தூக்கினா அஞ்சு நிமிஷத்துல அஞ்செட்டி. எறங்கு."

அவர் அசையவில்லை. "இன்னிக்கி நான் தூக்குனா, நாளைக்கி டிரைவர் எதுக்குன்னு எழுதுவீங்க. மறுநாளு பஸ்ஸே எதுக்கும்பீங்க. டிக்கெட் வாங்கிட்டன் சார். நான் பாசஞ்சரு. பெல்ட்டு வரட்டும்."

அதிகாரி மாதப்பனிடம் வந்தார். தன்னையாவது தேன்கனிக்கோட்டையில் விட்டுவிடச் சொன்னார். மாதப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கே தலை சுத்துது சார். கம்முனு குந்துங்க" என்றான்.

கண்டக்டர் ஒரு லாரியில் தொற்றிப் போய் பெல்ட் வாங்கிவந்தார். ஒன்றேகால் மணி நேரம். பறந்து போய் வாங்கிவர பஸ்ஸுக்குள்ளேயே ஆறு பேர் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு நல்ல பசி. ஆனாலும் என் ஆயுசில் அவ்வளவு திமிராக ஒரு சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை.

6.40க்கு அஞ்செட்டி. அக்கா கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் ஊன்றி, நிதானமாக இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மாதப்பனும் முனிரத்தினம்மாவும் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். ஜன்னல் வழியாக ஒருவரும் கிளம்பவில்லை, அவளைப் பிடித்து இறக்கவும் ஒரு கை நீளவில்லை. வரிசையில் கடைசி ஆளாக அதிகாரியும் நின்றார். டிக்கெட் எண்ணிக்கையை அவர் எழுதித்தான் ஆகவேண்டியிருந்தது.

அக்கா அதே கம்பெனியில் கடைசிவரை இருந்து ஓய்வு பெற்றாள். பஸ் இன்றும் மூன்று மணிக்குத்தான். தண்ணீரும் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்துக்கொள்ளுங்கள், வளைவுகள் அதிகம். யாராவது தூக்கிப்போகிறேன் என்று வந்தால், அவரையும் ஒரு டிக்கெட் வாங்கச் சொல்லுங்கள். பஸ்ஸின் கடைசிப் படி கொஞ்சம் உயரம். முன்னால் ஒருவர் மெதுவாக இறங்கினால், அவர் இறங்கி முடிக்கும்வரை நில்லுங்கள், உங்களுக்குப் பறக்கத் தெரிந்திருந்தாலும்.